பாப்பாவுக்கு எந்தப் புத்தகம்

எங்கள் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அவள் மூன்றாம் வகுப்பில் பாதி வருடம் முடித்திருந்தாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டால் நானும் மனைவியும் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். மனைவி பாப்பாவின் வயிற்று வலியைச் சொல்வாள். நான் அந்த ரிப்போர்ட் கார்டு கொடுத்த நாளைச் சொல்வேன்.

வயிற்று வலி உண்மைதான். ஸ்கூல் ஆட்டோ தெரு முனையில் ஹாரன் அடித்தால் வலி ஆரம்பித்துவிடும். ஆட்டோ போய்விட்டால் சற்று நேரத்தில் எழுந்து தோசை கேட்பாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், பூச்சி மருந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காத வயிற்றுக்கு எந்த மருந்து கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

ரிப்போர்ட் கார்டு வாங்கப் போன அன்று, "கவனமே இல்லைங்க. மூணாவதுலயே இன்னொரு வருஷம் ஒக்கார வெச்சிடலாம்" என்றார் வகுப்பாசிரியை. பாப்பா பக்கத்தில் நின்று சட்டைக் காலரை மென்றுகொண்டிருந்தாள். அது முழுக்க ஈரமாகி, நுனி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நாளைக்கும் போவணுமாப்பா?" என்றாள். மறுநாள் ஆட்டோக்காரரிடம் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்ற யோசனை மனைவியுடையது. அவள் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கூட வேலை செய்யும் ஒருவரின் உறவுக்காரர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டாள். யோசனை அவளுடையது என்றாலும் வேலை என் தலையில் விழும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஆரணியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வருகிறவள், அதிலும் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நான் வீட்டிலேயே இருப்பவன். பட்டுப் புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். வீட்டில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்று ஊரே நினைக்கும்போது மனைவி மட்டும் என்ன செய்வாள்.

நாங்கள் குடியிருப்பது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள் பவர்லூம் தறி போட்டிருக்கிறார்கள். காலையில் மின்சாரம் இருக்கும் நேரத்தைப் பொறுத்து அது ஓடத் தொடங்கும். தரை லேசாக அதிரும், தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்த டம்ளர் நகரும். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பள்ளி நடந்தது.

முதலில் வந்தது ஒரு பெரிய அட்டைப் பெட்டி. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாடத்திட்டம், பெங்களூரிலிருந்து வந்தது. உள்ளே வண்ண வண்ணக் குச்சிகள், பளபளக்கும் புத்தகங்கள், ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம் என்று எழுதிய அட்டவணை. காலையில் என்ன பேச வேண்டும் என்பதுகூடப் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். நான் படித்துக் காட்டுவேன், பாப்பா கேட்டுக்கொள்வாள், பிறகு அவள் ஒருமுறை படிப்பாள். கடகடவென்று படித்தாள். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடம்தான் பிள்ளையைக் கெடுத்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

சில மாதங்களில் அந்தப் பெட்டி கசந்தது. பனிக்காலம், வாத்துக் குளம், இலையுதிரும் மரங்கள் என்று பாடங்கள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அடுத்து, குழுவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பாடமே இல்லாமல் விட்டுப் பார்த்தோம். பிள்ளை தானாகக் கேட்கும்போது சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார்கள். பாப்பா நிறையக் கேட்டாள். நூல் ஏன் வெயிலில் வெளுக்கிறது, பல்லிக்கு ஏன் வால் திரும்ப முளைக்கிறது, அம்மா ஊசி போட்டால் யாருக்காவது கோபம் வருமா. ஆனால் எழுதும் வேலை எதையும் அவள் தானாகக் கேட்கவே இல்லை. பிறகு ஒரு ஆன்லைன் வகுப்பு. அதில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். கடைசியில் அரசுப் பாடநூல்களையே வாங்கி வந்தேன். தமிழ்ப் புத்தகக் கதைகளை ராகம் போட்டுப் படித்தாள், பாட்டுகளை ஆடிக்கொண்டே சொன்னாள். அப்பாடா என்றிருந்தது.

இதற்கிடையில் என் வேலையும் ஓடவேண்டுமே. ஒரு கையில் பாப்பாவின் கணக்கு நோட்டு, இன்னொரு கையில் மவுஸ். குக்கர் விசில் எண்ணவேண்டும். வியாபாரிகள் போனில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கமாட்டார்கள். "இன்னா சார், கரை ரெடியா? தறி சும்மா நிக்குது சார். ஜல்தி அனுப்புங்க" என்பார்கள். பாப்பா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். யாருக்கு எந்த மோட்டிஃப் உருவம், யாருக்கு எத்தனை விரல் அகலக் கரை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "அவரு அன்னம் கேக்கலப்பா, மாங்கா கேட்டாரு" என்று என்னைத் திருத்துவாள். அவளுடைய ஞாபக சக்தியைப் பற்றி எங்களுக்குப் பெருமை இருந்தது.

இப்படியே அடுத்த கல்வியாண்டும் கிட்டத்தட்ட முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. வேலூரில் ஒரு மண்டபத்தில் வீட்டுக் கல்விப் பெற்றோர் கூட்டம். பல வகைப் பாடத்திட்டங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள், புரட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். மனைவிக்கு முந்தின இரவு டூட்டி. அவள் முடித்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வருவதாகவும், நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆரணியிலிருந்து வருவதாகவும் ஏற்பாடு.

நானும் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. ஒரு கல்யாண ஆர்டருக்கு முந்தானை டிசைன் போட்டு, அதை அவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டு, விடிந்த பிறகுதான் அனுப்பியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் சொருகியது. முகூர்த்த நாள், ஒரே கூட்டம். "பாப்பா, வேலூர் பஸ்ஸு வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்துவிட்டேன்.

அவள் என்னை உலுக்கினாள். "அப்பா, வேலூரு பஸ்ஸுப்பா! சீக்கிரம் வா, எடம் போயிடும்." எழுந்து அவள் பின்னால் ஓடினேன். ஜன்னலோரம் இரண்டு பேர் உட்கார இடம் கிடைத்தது. அவள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனேன்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கள் சீட்டுக்கு வருவதற்குள் பஸ் வெகுதூரம் போயிருந்தது. தோளைத் தட்டினார்.

"எங்க சார்?"

"வேலூர், ஒண்ணரை."

அவர் என்னைப் பார்த்தார். "இது போளூர் போற வண்டி சார். போர்டு பாக்கலியா? களம்பூர் வந்துகினு இருக்குது, எறங்கி எதுர்ல வர்ற வண்டிய புடிங்க."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பாப்பாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

களம்பூரில் இறங்கினோம். ரைஸ் மில்லில் நெல் வேகும் வாடை காற்றில் கனமாக இருந்தது. தவிட்டுத் தூசி கண்ணில் விழுந்தது. மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு டீக்கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்து பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அது நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

"போர்டுல இன்னா போட்டிருந்துச்சு பாப்பா?"

"வேலூரு."

"போளூருன்னு போட்டிருந்துச்சாம்."

அவள் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "கடைசில அந்த சுழி எழுத்து இருந்துச்சு. புள்ளி வெச்ச எழுத்தும் இருந்துச்சு. வேலூருக்கும் அதான இருக்கும்" என்றாள்.

போளூர், வேலூர். மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் உருவத்தைப் பார்ப்பதில்லை.

என் பையில் அவளுடைய தமிழ்ப் புத்தகம் இருந்தது. மண்டபத்தில் யாராவது கேட்டால் அவள் எவ்வளவு அழகாகப் படிக்கிறாள் என்று காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் படித்த கதையைப் பிரித்தேன். "இதப் படி பாக்கலாம்." அவள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் பிசகாமல் படித்தாள். ஆனால் அவள் விரல் வேறு வரியில் இருந்தது. குரல் ஒரு பத்தியைத் தாண்டிய பிறகும் விரல் முதல் பத்தியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. நான் புத்தகத்தைத் திருப்பி, இன்னும் நடத்தாத பாடம் ஒன்றை எடுத்து, படத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"இதுல மொதல் வரி."

அவள் பார்த்தாள். வாய் அசைந்தது. "ம... மர..." என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள், கையை எடுத்தால் படம் தெரியும் என்பதுபோல. "நீ மொதல்ல ஒருவாட்டி படிச்சிக் காட்டுப்பா" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எல்லாப் புத்தகத்துக்கும், எல்லாப் பாடத்துக்கும். அதற்கு அர்த்தம் இதுதான் என்று அந்த டீக்கடை பெஞ்சில் தெரிந்தது. என் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒருமுறை படித்ததை அவள் அப்படியே காதில் வாங்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், இத்தனை நாளாக.

"எழுத்து தெரியலயா பாப்பா?"

"ஒண்ணொண்ணா தெரியுதுப்பா. சேத்தா மறந்துபூடுது." அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், பன்னை வாயில் வைத்துக்கொண்டு. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவிதான். மண்டப வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க கீறீங்க? கண்ணமங்கலம் தாண்டியாச்சா?" நாங்கள் களம்பூரில் இருக்கிறோம் என்றேன். "களம்பூர்லயா? அங்க இன்னா வேல?" என்றாள். போனில் சொல்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்றேன். அவள் இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, வாங்கவேண்டிய எதையும் வாங்காமல் திரும்பி பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் நடந்த சண்டையை முழுதாகச் சொல்ல விருப்பமில்லை. பாப்பா கீழே வீட்டுக்கார அக்காவிடம் இருந்தாள். தறி ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது.

"நாள் பூரா பக்கத்துல வெச்சிகினு இன்னாங்க பாத்தீங்க?" என்றாள். நானும் ஏதோ சொன்னேன். வீட்டில் இருக்கிற நேரத்தில் நீ என்ன பார்த்தாய் என்கிற மாதிரி. அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளாகவே, "நானுந்தான் தெனம் அவள படிக்கச் சொல்லிக் கேட்டுகினு படுத்திருந்தேன். எவ்ளோ நல்லா படிக்கிறான்னு எல்லார் கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் சண்டை போட இருவரிடமும் சக்தி இல்லை. அவள்தான் அந்தப் பெயரை முதலில் சொன்னாள். டிஸ்லெக்சியா, அறிவு இருந்தும் எழுத்தைச் சேர்த்துப் படிக்க வராத குறைபாடு. நர்ஸிங் படிக்கும்போது ஒரு பாடத்தில் வந்ததாம். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டாளாம்.

வேலூரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஓர் அம்மாவை அவள் மருத்துவமனை மூலமாகவே கண்டுபிடித்தோம். நடு வயதுக்காரர், சன்னமான குரல். பாப்பாவோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "ரொம்ப புத்திசாலிப் பொண்ணு. அதனாலதான் யாருக்கும் தெரியாம இவ்ளோ நாளு ஓட்டியிருக்கா" என்றார். நான் பழக்கதோஷத்தில், எந்தப் பாடத்திட்டம் இவளுக்குச் சரிப்படும் என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "புக்கு மேல புக்கா மாத்தாதீங்க சார். ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் அவளுக்கு ஒளிஞ்சிக்க ஒரு புது எடம் கெடைக்குது. படிக்கறது தனி, பாடம் தனின்னு வெச்சிக்குங்க. சயின்ஸு, வரலாறு எல்லாம் காதால கேக்கட்டும். வயசுக்குத் தகுந்தது படிச்சுக் காட்டுங்க. எழுத்துக்கு மட்டும் கீழேர்ந்து ஆரம்பிங்க. தெனம் கொஞ்சம், தெனம் அதையே."

தினமும் அதையே. கேட்கும்போது சுலபமாக இருந்தது.

முதலில் ஆங்கிலத்தை நிறுத்துவது என்று நான் சொன்னேன். ஒரு மொழியின் எழுத்து கைக்கு வரட்டும், பிறகு மற்றது. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "இங்கிலீஷ் இல்லாம இந்தக் காலத்துல இன்னா பண்ணுவா? ஆஸ்பிட்டல்ல ஆயா வேலைக்குக்கூட இங்கிலீஷ்ல கையெழுத்து கேக்கறாங்க." வாரக்கணக்கில் இது ஓடியது. பஸ்ஸில் போகும்போது போனில், சாப்பிடும்போது தட்டுக்கு மேலே. கடைசியில் ஆங்கிலம் பேச்சுக்கு மட்டும், அதுவும் அவள் பொறுப்பு என்று முடிவானது. டூட்டி முடிந்து வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு அவள் பாப்பாவோடு ஆங்கிலத்தில் பேசுவாள். சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். பாப்பா, "அம்மா, யூ ஆர் ஸ்லீப்பிங்" என்பாள். அதுவும் ஒரு பாடம்தான்.

எழுத்து என் பங்கு. டிசைன் போடும் கட்டத்தாளைப் பெரிதாக அச்செடுத்து ஒவ்வொரு எழுத்தையும் கட்டங்களில் நிரப்பினோம். என் தொழில் கைகொடுக்கும் என்று நம்பினேன். பாதிதான் கொடுத்தது. ப, ம, ய எல்லாம் வந்துவிட்டன. துணைக்காலும் ர-வும் அவளை விடாமல் படுத்தின. "காரம்" என்று எழுதினால் மூன்று எழுத்தா நான்கு எழுத்தா என்று குழம்பிப்போவாள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் சத்தம் பின்னால் வருகிறது. இதை ஒரு பிள்ளைக்கு எப்படி நியாயம் என்று விளக்குவது? நேற்று வந்த சொல் இன்று வராது. நேற்றுச் சொன்னதையே இன்றும் அதே குரலில், எரிச்சல் தெரியாமல் சொல்லவேண்டும். எரிச்சல் தெரியாமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான வேலை. நாள் முழுக்க மூட்டை தூக்கியவனைப்போல மதியம் படுத்துவிடுவேன்.

ஒருநாள் அவள் தாளைக் கிழித்துப் போட்டாள். "நான் மக்காப்பா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் நீ அலுத்துக்கற?" என்றாள். நான் அலுத்துக்கொண்டதாக வாயைத் திறந்து எதுவும் சொல்லியிருக்கவில்லை. "எனக்கு ஒடம்பு அலுப்பு பாப்பா, உன் மேல இல்ல" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கிழித்த தாளைப் பொறுக்கி எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கார அக்காவுக்கு எங்கள் மேல் வருத்தம். "ஸ்கூல்ல இருந்திருந்தா நாலு அடி போட்டாவது எழுத்த ஏத்தியிருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் ஏன் பேஜார் பட்டுகினு கீறீங்க?" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பதில் சொல்லி ஓய்ந்துபோய், "பாக்கலாங்க்கா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பள்ளி செல்லாத குழந்தைகளைக் கணக்கெடுக்க அந்தக் கோடையில் ஓர் ஆசிரியை வந்தார். அரசுப் பள்ளியில் வேலை செய்பவர். வெயிலில் தெருத் தெருவாக ஏறி இறங்கி வந்திருந்தார். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். மனைவி மோர் கொடுத்தாள். அவர் கையிலிருந்த போனில் ஒவ்வொரு கேள்வியாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

"இப்ப எந்த கிளாஸு சார்?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "கணக்குன்னா அஞ்சாவது பண்றா. சயின்ஸு ஆறாவது புக்கு படிச்சுக் காட்டறேன். படிக்கறது மட்டும்..." என்றேன். "ஒண்ணாவது" என்று பாப்பாவே முடித்தாள்.

ஆசிரியை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அந்த மாதிரி ஆப்ஷன் இல்லியே சார்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் நாங்கள் நால்வருமே சிரித்துவிட்டோம். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் சொன்னார்: "எங்க ஸ்கூலுக்கு இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னே ஒரு டீச்சர் வாரத்துல ரெண்டு நாளு வர்றாங்க. கூட்டிகினு வாங்க. சேக்கறது, சேக்காதது அப்பறம் பாத்துக்கலாம்."

பள்ளி திறந்ததும் போனோம். ஹெச்.எம். அம்மாவிடம் அந்த ஆசிரியையே பேசியிருந்தார். கடைசி அறையில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் சிலர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் பாப்பா என் கையை விடவில்லை. இரண்டாம் வாரம் வாசலிலேயே விட்டுவிட்டாள். அங்கே அவளைப்போலவே எழுத்தில் தடுக்கும் ஒரு பெண் இருந்தாள், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. இருவரும் ஒருவர் தப்பை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்களாம். வீட்டில் என்னோடு உட்காரும்போது அவள் தப்புக்குச் சிரிக்க ஆளில்லை. எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்த இரண்டு நாட்கள் எனக்குக் கிடைத்த விடுமுறை. கதவைச் சாத்திவிட்டு வேலை பார்ப்பேன். சில நாள் வேலையும் பார்க்காமல் தூங்குவேன். தறிச் சத்தம் அப்போதெல்லாம் எனக்குத் தொந்தரவாகவே இருக்காது. ஆசை என்பது இப்படித்தான் வளரும்போலிருக்கிறது. இரண்டு நாள் ஐந்து நாளானால் என்ன என்று தோன்றத் தொடங்கியது. மனைவிக்கும் அதே எண்ணம் என்பது அவள் ஒருநாள் டிபன் பாக்ஸ் கடையில் நின்று விலை கேட்டபோது தெரிந்தது. பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு பாப்பாவைக் கேட்டோம். கேட்பதற்காகவே அன்று பிரியாணி வாங்கி வந்திருந்தோம்.

"இனிமே தெனமும் அந்த ஸ்கூலுக்கே போறியா பாப்பா? ஃப்ரெண்டும் இருக்கா, மிஸ்ஸும் நல்லவங்க" என்றாள் மனைவி.

அவள் எலும்பைச் சப்பிக்கொண்டே யோசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லிவிடமாட்டாளா என்று மனம் அடித்துக்கொண்டது.

"ரெண்டு நாளு போதும்மா. மீதி நாளு அப்பா படிக்கட்டும், நான் கேக்கறேன். ஸ்கூல்ல யாரும் எனக்கு ஆறாவது சயின்ஸு படிச்சுக் காட்டமாட்டாங்க."

சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. ஏதோ பெரிய சுமையை இறக்கி வைக்கக் குனிந்தவனிடம், இன்னும் கொஞ்ச தூரம் என்று சொன்னதுபோல இருந்தது. மனைவி என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். அது அவள் வழக்கம், ஆறுதல் சொல்லத் தெரியாத நேரங்களில்.

இப்போது பாப்பாவுக்குப் பதினொரு வயது. பள்ளி ரிஜிஸ்டரில் அவள் பெயர் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் போகிறாள், மற்ற நாட்களுக்கு ஹெச்.எம். அம்மா கண்டும் காணாமல் இருக்கிறார். பத்தாவது பரீட்சைக்கு எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், கூடுதல் நேரம் கேட்கலாம் என்கிறார் வேலூரில் பாப்பாவைப் பார்த்த அந்த அம்மா. படிக்கிறாள். மெதுவாக, விரல் வைத்து, சில சொற்களில் நின்று மூச்சு வாங்கிப் படிக்கிறாள். கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்லி நாங்கள் சோதிப்பதில்லை. அது அவளுக்குப் பிடிக்காது.

வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேரும் பெற்றோர்கள் எந்தப் பாடத்திட்டம் நல்லது என்று இன்றும் கேட்கிறார்கள். நீளமான பதில்கள் வருகின்றன, படங்களோடு. எனக்கும் எழுதத் தோன்றும். விரலை வைத்துவிட்டு எடுத்துவிடுவேன். பெங்களூர்ப் பெட்டியைக் கேட்ட ஒரு குடியாத்தத்துக் குடும்பத்துக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் பிள்ளைக்கு அது நன்றாக ஒத்துப்போகிறதாம். அப்படியும் நடக்கும்.

நேற்று அவளுக்கு ஒரு புது வரலாற்றுப் பாடம். மனைவிக்கு மதிய ஷிஃப்ட், காலையிலேயே சமைத்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். ஒரு வியாபாரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் விரித்து வைத்துக்கொண்டு நான் படித்துக்கொண்டே போனேன். மன்னர்கள், போர்கள், ஏரிகள், வரிகள். தொண்டை கட்டியிருந்தது. எந்த வரியில் இருக்கிறேன் என்பதே தெரியாமல் வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒரு வரிய விட்டுட்ட" என்றாள்.

குனிந்து பார்த்தேன். பக்கத்தின் நடுவில், நான் தாண்டிய வரியின் மேல் அவள் விரல் இருந்தது. விட்டுத்தான் இருந்தேன். அந்த வரியைப் படித்தேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். பாடம் முடிய இன்னும் மூன்று பக்கம் இருந்தது.